மூலையில் கறுப்பு மை வைத்த உறைகள்

இராஜபாளையம்
20.2.1994, ஞாயிறு

அன்பு மகன் அய்யூபுக்கு, அம்மாவின் ஸலாமும் துஆவும். போன கடிதம் போட்டு ஒன்பது நாள்தான் ஆகிறது, அதற்கு உன் பதில் வருவதற்குள் மறுபடியும் எழுத உட்கார்ந்துவிட்டேன், முதலில் இதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டும். வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் இந்தா உங்கம்மா காயிதம் என்று உன் அறையில் இருக்கும் பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்பது தெரியும். இது கொஞ்சம் நீளமாகப் போகும், ஒரே மூச்சில் படிக்க வேண்டியதில்லை, வெள்ளிக்கிழமை லீவில் படித்தால் போதும். அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகமாக இருக்கிறேன், நீயும் அங்கே கரண்டு வேலையில் ஒரு கீறல்கூடப் படாமல் இருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நோன்பு தொடங்கி ஒரு வாரம் ஆகிறது, சவூதியில், தம்மாமில் எங்களுக்கு முந்தியே பிடித்திருப்பீர்கள். பள்ளிவாசல் கஞ்சியை அடுத்த வீட்டு ரஹ்மத் பீவி அக்கா தன் வீட்டுக்கு வாங்கும்போது எனக்கும் சேர்த்து வாங்கி வந்துவிடுகிறாள், தூக்குச்சட்டி தளும்பத் தளும்ப இருக்கிறது. ஏக்கா, இம்புட்டு எதுக்கு, நான் ஒருத்திதானே என்றால், நீ ஒருத்தின்னு ஊத்துறவனுக்குத் தெரியுமா, குடிச்சுக் கொஞ்சம் சதை போடுடி, காத்தடிச்சா ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் போய் விழுவ போல இருக்க என்கிறாள். கஞ்சிக்குத் துவையல் நானே அரைக்கிறேன். நோன்போடு உப்புப் பார்க்க முடியாது, நோன்பு திறக்கும் பாங்கு சொன்ன பிறகு உப்புச் சரியா என்று கேட்க ஆள் இல்லை, நானே வாயில் வைத்து நானே சரி என்று சொல்லிக்கொள்கிறேன்.

உன் கடைசிக் கடிதத்தில் நவம்பர் பதினாறு என்று தேதி இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. கேம்ப் மாற்றுகிறார்கள், பழைய முகவரிக்கே போட்டால் கொண்டுவந்து தருவார்கள் என்று எழுதியிருந்தாய், அப்படியே போட்டுவருகிறேன். நீ எழுதியது வழியில் எங்கேயாவது கிடக்கலாம். போஸ்ட்மேன் நம் வீட்டு முன்னால் சைக்கிளை நிறுத்தாமல் ஒரு காலை மட்டும் ஊன்றி, இன்னைக்கு இல்லம்மா என்று சொல்லிவிட்டுப் போகிறார். முன்பெல்லாம் நான் வாசலுக்கு வந்து கேட்பேன், இப்போது அவரே சொல்லிவிடுவதால் எனக்குக் கேட்கிற கூச்சம் மிச்சம்.

நான் வேலை பார்க்கும் தபால்வழிப் பயிற்சி நிலையத்தைப் பற்றி உனக்கு எழுதி நாளாயிற்று, இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான். நீ போகும்போது தையல் ஒன்றுதான் இருந்தது, இப்போது ரேடியோ பழுது பார்ப்பதும் எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குச் செப்புக் கம்பியால் காயில் கட்டுவதும் சேர்ந்து மூன்று தொழில்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அதே இரண்டு அறை, அதே காலை டவுன் பஸ், அதே ஜன்னலோர இடம் கிடைக்காத நான். பள்ளிக்கூடத்துக்கோ ஐ.டி.ஐ.க்கோ தினமும் வந்து போக முடியாத ஊர்களில் இருக்கும் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு பாடம் தபாலில் போகும், கடைசித் தாளில் கேள்விகள் இருக்கும், அவர்கள் விடை எழுதி அனுப்பினால் நான் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். வருஷக் கடைசியில் மூன்று நாள் செய்முறை, பிறகு மதுரையில் பரீட்சை. பி.ஏ. வரலாறு படித்த நான் மோட்டார் தாளை எப்படித் திருத்துவது என்று பொறுப்பாளர் வைகுண்டராஜ் சாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன், விடைக் குறிப்பு தாரேம்மா, பார்த்துத் திருத்துங்க என்றார். குறிப்பைப் பார்க்கும் தேவையே வரவில்லை. பதினாறு வருஷம் உன் அத்தா பட்டறையில் காயில் சுற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையாவது சுற்று என்று எண்ணிச் சொன்னவள் நான், அது மனசில் எங்கேயோ கிடந்திருக்கிறது.

நானும் தபாலில் படித்தவள்தானே. உன் அத்தா மௌத்தாகி நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்த கையோடு நீதான் விண்ணப்பத்தாள் வாங்கி வந்து பூர்த்தி செய்து என்னிடம் கையெழுத்து வாங்கினாய், அம்மா நீ சும்மா இருந்தா அழுதுக்கிட்டே இருப்ப என்றாய், அப்போது உனக்குப் பதினைந்து வயது. நம் இரண்டு பக்கக் குடும்பத்திலும் முதல் பட்டம் அப்படித்தான் வந்தது. அந்த மூன்று வருஷமும் என் தாளைத் திருத்தியவர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது, ஒரு தடவை சிவப்பு மையில் நன்று என்று எழுதியிருந்தார், அந்த வாரம் முழுக்க அந்த ஒரு சொல்லோடு பேசிக்கொண்டிருந்தேன். அதனால் என் பிள்ளைகளின் தாளில் மார்க் மட்டும் போட்டு அனுப்ப எனக்கு மனசு வராது, ஒரு வரியாவது எழுதுவேன். அவர்களும் தாளின் அடியில் இடம் மிச்சம் இருந்தால் ஊர்ச் சேதி எழுதுவார்கள். மழை பெய்தது, ஆடு குட்டி போட்டது, டீச்சர் நீங்க சாப்பிட்டீங்களா என்றெல்லாம் இருக்கும். சார் பார்த்தால் இதெல்லாம் எதுக்கும்மா என்பார் என்று நான் அதை மடித்து வைத்துக்கொள்வேன்.

அவர்களில் முத்துப்பேச்சி என்று ஒரு பெண். வன்னியம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி நாலு மைல் நடக்க வேண்டிய ஊர், பத்தாவது வரை படிப்பு, இருபத்திரண்டு வயது. எங்கள் ஊரில் பதினோரு கிணறு, பதினோரு மோட்டார், ஒன்று எரிந்தால் மாட்டு வண்டியில் ஏற்றி இராஜபாளையம் போய்க் கட்டி வருவதற்குள் பத்து நாள் ஆகி வெள்ளாமை கருகிவிடுகிறது, அதனால் நானே கட்டப் படிக்க விரும்புகிறேன் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தாள். பொம்பளைப் பிள்ளைக்கு மோட்டாரா, தையலுக்கு மாத்திவிடுங்க என்றார் சார். மாற்ற வேண்டாம் சார் என்றேன். அய்யூப், அவரிடம் நான் மறுத்துப் பேசியது அந்த ஒரு தடவைதான். அவளுடைய விடைத்தாள்தான் எல்லாருக்கும் முந்தி வரும். ஒரு தடவை அடியில், டீச்சர், பெரிய கெணத்து மோட்டாரு கருகிப்போச்சு, ஆம்பளைக எல்லாம் தள்ளி நின்னு பாத்தாக, நான் மூடியக் கழத்திப் பாத்தேன், நீங்க அனுப்புன படத்துல இருக்கிறது அம்புட்டும் உள்ள இருக்கு என்று எழுதியிருந்தாள். தபாலில் போனது ஒருத்தி கையில் நிஜமாக மாறியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். போன ஆகஸ்டில் உறைகள் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தன, தையல்காரிக்கு ரேடியோப் பாடம், ரேடியோக்காரனுக்கு ஜாக்கெட் வெட்டும் பாடம். உறையின் மூலையில் தொழிலுக்கு ஒரு மை தடவி அடையாளம் வைக்கலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். தையலுக்குச் சிவப்பு, ரேடியோவுக்குப் பச்சை, மோட்டாருக்குக் கறுப்பு. சார் மெச்சினார், எனக்கும் பெருமையாக இருந்தது, பஞ்சில் தொட்டு நானே ஒவ்வொரு உறையாகத் தடவினேன். அதற்குப் பிறகு ஒரு பாடம்கூட மாறிப் போகவில்லை. ஆனால் மோட்டார்க்காரர்களின் விடைத்தாள் குறைந்துகொண்டே வந்தது. டவுனுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் அனுப்பினார்கள், உள் கிராமங்களில் ஏழு பேர் நின்றுபோனார்கள், அதில் முத்துப்பேச்சியும் ஒருத்தி. கல்யாணம் ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு தடவை நினைவூட்டல் அனுப்பினேன், அதுவும் மோட்டார்ப் பிரிவுதானே என்று மூலையில் கறுப்பைத் தடவித்தான் அனுப்பினேன். ஜனவரியில் சார் பட்டியலைக் கொடுத்து ஏழு பெயரையும் அடித்துவிடச் சொன்னார். ஆறு பெயரை அடித்தேன், அவள் பெயரில் மட்டும் பேனா ஓடவில்லை. மறுநாள் லீவு சொல்லிவிட்டு வன்னியம்பட்டி பஸ்ஸில் ஏறினேன். தெரியாத ஊருக்குத் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை, வழி கேட்கவும் கூச்சம், முன்னால் புல்லுக்கட்டோடு போன ஒரு பெண்ணின் பின்னாலேயே நடந்தேன், நல்லவேளை அவள் அந்த ஊர்தான்.

முத்துப்பேச்சியின் அம்மா இருளம்மாள் வாசலில் தானியம் புடைத்துக்கொண்டிருந்தாள். முக்காடு போட்டுக் கையில் பையோடு ஒரு டவுன்காரி வந்து, தபால் விஷயமாக வந்திருக்கிறேன் என்றதும் முறம் கையை விட்டு விழுந்துவிட்டது. எந்திரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. காயிதத்துக்கு வரலைன்னு ஆளையே அனுப்பிட்டாகளா தாயி என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் மெல்ல எழுந்து மாட்டுத்தொழுவுக்குப் போய் வைக்கோலுக்கு அடியிலிருந்து ஒரு உரச்சாக்கை இழுத்து வந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே நான் அனுப்பிய ஏழு உறைகள், ஐந்து பாடம், இரண்டு நினைவூட்டல், ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. அவள் மூத்த மகன் சிவனாண்டி பட்டாளத்தில் காஷ்மீர்ப் பக்கம் இருக்கிறான். அவன் கடிதம் போட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. மூலையில் கறுப்பு மை வைத்த காகிதம் என்றால் அவர்கள் வீடுகளில் சாவுச் செய்தி, அதை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள், வாசலிலேயே படித்துக் கிழித்துப்போடுவார்கள். நம்மவர்களுக்கு மௌத்துச் செய்தி தந்தியில் வரும், இல்லாவிட்டால் ஆள் வந்து சொல்லும், மை தடவும் வழக்கம் நமக்கு இல்லை. ஆனாலும் எனக்கு அது தெரியாததல்ல, அக்கம்பக்கத்தில் வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நிலையத்து மேசையில் மட்டும் அது எனக்கு வெறும் மையாகவே இருந்துவிட்டது.

இருளம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லவும் தைரியம் இல்லை. ஏன் இப்படி வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். பிரிச்சாத்தான தாயி செத்தான், பிரிக்காத வரைக்கும் எம்மவன் இருக்கான்ல என்றாள். ஒன்றன் பின் ஒன்றாக ஏழு வந்ததே என்றால், மொதக் காயிதத்துக்குப் பதிலக் காங்கலன்னு சர்க்காரு திரும்பத் திரும்பப் போடுதுன்னு நெனச்சேன் என்றாள். நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து ஒரு உறையைப் பிரித்து, இது பாடம்மா, உங்க மகளுக்கு நான் அனுப்புன பாடம், மோட்டாரு படம் பாருங்க என்று காட்டினேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள். அப்பவும் நம்பாமல் ஏழையும் பிரிக்கச் சொன்னாள். ஏழாவதைப் பிரித்த பிறகுதான் அழுதாள்.

சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. நான் பின்னாலேயே நடந்து வந்த புல்லுக்கட்டுக்காரியின் பெயர் குருவம்மாள், வன்னியம்பட்டி டீக்கடைக்குப் பால் ஊற்றப் போகிறவள், அந்த ஊருக்கு வரும் தபாலையெல்லாம் அந்தக் கடையில் கொடுத்துவிடுவார்களாம், எடுத்து வருவது அவள்தான், அவளுக்கும் படிக்கத் தெரியாது. விஷயம் தெரிந்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஏட்டி இருளம்மா, ஆறு மாசமா மோட்டாருக்கா ஒப்பாரி வச்ச, துட்டிக் காயிதத்தத் தொட்டுட்டமேன்னு நான் ஏழு தடவ பச்சத்தண்ணியில தல முழுகிருக்கேன், யாருடின்னு கேட்டா தூரத்துச் சொந்தம்ன, ஒனக்கு எம்புட்டுத் தூரத்துச் சொந்தந்தான் இருக்கு என்று பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள், இருளம்மாளும் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். என்னால்தான் சிரிக்க முடியவில்லை. ஆறு மாதம் ஒரு தாய் தன் மகன் போய்விட்டான் என்று தனக்குள்ளே வைத்துக்கொண்டு மாட்டுக்குத் தண்ணி காட்டியிருக்கிறாள், அதற்கு மை தொட்டது என் கை.

முத்துப்பேச்சி காட்டு வேலையிலிருந்து வந்தாள். கறுத்து ஒல்லியாக, என்னைவிடக் கூச்சக்காரியாக இருந்தாள். பாடம் வராதபோது ஒரு கார்டு போட்டுக் கேட்டிருக்கலாமே என்றேன். கடைசித் தாள்ல கவனம் போதாதுன்னு எழுதியிருந்தீங்க டீச்சர், அதான் நிறுத்திட்டீங்கன்னு நெனச்சேன், கேக்க வெக்கமா இருந்துச்சு என்றாள். ஒரே ஒரு கணக்குத் தப்புக்கு எழுதியது அது. அவளிடமிருந்து வரவில்லை என்று நான் இங்கே இருந்திருக்கிறேன், என்னிடமிருந்து வரவில்லை என்று அவள் அங்கே இருந்திருக்கிறாள். அப்புறம் வெட்கப்பட்டுக்கொண்டே வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய் ஒன்றைக் காட்டினாள். உடைந்த வண்டிச் சக்கரத்தின் குடத்தில் காயில் இறங்குவதற்கு உளியால் இருபத்துநாலு பள்ளம், இருபத்துநாலு காடி வெட்டி, பழைய பாடத்தில் இருந்த படத்தைப் பார்த்துச் சணலால் காயில் இறக்கி வைத்திருந்தாள். பாடம் நின்றுபோன பிறகும் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியிருக்கிறாள். நான் விரலால் எண்ணிப் பார்த்தேன், ஒரு காடிகூடத் தப்பவில்லை.

சாரிடம் மை வைத்தது என் தப்பு என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நானும் பாத்துக்கிட்டுத்தானம்மா இருந்தேன், எங்க வீட்டுல வராத காயிதமா என்றார். அடித்த பெயர்களைத் திரும்பச் சேர்த்தோம். மற்ற ஆறு பேருக்கும் வெறும் உறையில் எழுதினேன், இரண்டு பேர்தான் பதில் போட்டார்கள், ஒருவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாராம், இன்னொருவர் இனி வேண்டாம் என்றார். முத்துப்பேச்சி மட்டும் ஐந்து பாடத்தையும் மூன்று வாரத்தில் முடித்து விடை அனுப்பிவிட்டாள். போன தாளின் அடியில், டீச்சர், அண்ணன்கிட்டருந்து காயிதம் வந்துருச்சு, பங்குனியில லீவுல வாரானாம், அம்மா உங்களுக்குச் சொல்லச் சொன்னா என்று எழுதியிருந்தாள். அந்தத் தாளை நான் பஸ்ஸில் இரண்டு தடவை படித்தேன்.

மார்ச் இருபத்தாறு மதுரையில் பரீட்சை. எழுத்தில் அவள் தேறிவிடுவாள், செய்முறைதான் பயம். காயில் இல்லாத வெறும் ஸ்டேட்டர்க் கூட்டையும் காப்பர் ஒயரையும் கையில் கொடுத்து ஒரே நாளில் காயில் கட்டி ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். சணல் இழுத்த இழுப்புக்கு வரும், ஒயர் அப்படி வராது, மேல் பூச்சு உரிந்தால் போயிற்று, இது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிலையத்தில் இருப்பது ஒரே மோட்டார், அதை இருபது பேர் மூன்று நாளில் தொட்டுப் பார்க்க வேண்டும். இந்தத் தடவை தவறினால் அவளுக்கு அடுத்த தடவை கிடையாது, படிக்க ஆள் குறைந்துவிட்டது என்று மோட்டார்ப் பாடத்தையே இந்த வருஷத்தோடு நிறுத்துகிறார்கள். ஆள் குறைந்தது எதனால் என்று எனக்குத் தெரியும். கிணற்றுக்காரர்களும் சர்ட்டிபிகேட்டைக் காட்டு, அப்புறம் மோட்டாரில் கை வைக்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். உன் அத்தாவிடம் வேலை பார்த்த காளிராஜ் இப்போது மில்லில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறாரே, அவரிடம் யோசனை கேட்டேன். சணலில் கட்டியதைச் சொன்னதும், பாதிக் கை அங்கயே வந்துருச்சு மதினி, நெசமான ஒயர்ல பத்து நாள் சுத்துனாப் போதும், ஷிப்டு முடிஞ்சு நான் வந்து சொல்லித்தாரேன், ஆனா எங்க வச்சுச் சுத்த என்றார். நான் பேச்சை வெயில் பக்கம் திருப்பினேன்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். நோன்பு வைத்துக்கொண்டு உயரத்தில் ஏறும் வேலை வந்தால் மேஸ்திரியிடம் சொல்லி மாற்றிக்கொள், கூச்சப்படாதே, அந்தக் குணம் என்னிடமிருந்து வந்தது, என்னோடே போகட்டும். லைனில் கை வைப்பதற்கு முன்னால் மெயினை நீயே போய் அணைத்துப் பார், அடுத்தவன் அணைத்தேன் என்று சொன்னதை நம்பாதே. ரஹ்மத் பீவி அக்கா உனக்கு ஸலாம் சொன்னாள், பெருநாளைக்கு உன் பெயரைச் சொல்லி அவள் பேரப்பிள்ளைகளுக்கு வட்டிலப்பம் செய்து தருவதாக இருக்கிறேன். உன் கையும் கண்ணும் நலமாக இருக்கவும், நீ போகும் இடமெல்லாம் உனக்கு நல்ல மனுஷர்கள் அமையவும் அல்லாஹ் துணையிருப்பானாக.

உன் அம்மா,
நூர்பானு

கையெழுத்துப் போட்ட பிறகும் எழுதுகிறேன். முதல் வரியிலேயே கேட்டிருக்க வேண்டியதை இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். உன் அத்தாவின் பட்டறையைத் திறக்க வேண்டும். நீ தம்மாம் போகிற அன்று பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோனாய், அத்தா பாதி சுற்றி வைத்த மோட்டாரு மேசையிலயே இருக்கட்டும், யாரும் தொடக்கூடாது, நான் வந்து முடிக்கிறேன் என்றாய், நானும் சரி என்றேன். ஒன்றரை வருஷமாக வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சுவரில் கை வைத்தால்கூடச் சத்தம் வராமல்தான் வைக்கிறேன். அந்த மோட்டாரை யாரும் தொட மாட்டார்கள், மேசை மேல் என் வெள்ளைத் துப்பட்டாவைப் போட்டு மூடிவிடுவேன், இவர்கள் தரையில் உட்கார்ந்து செய்துகொள்ளட்டும். காயில் சுற்றும் மெஷினும் மற்ற சாமான்களும் மட்டும் போதும். பரீட்சை முடியும் வரை முத்துப்பேச்சி நம் வீட்டிலேயே தங்குவாள், பக்கத்தில் உட்கார்ந்து சுற்று எண்ணிச் சொல்ல எனக்கு இன்னும் தெரியும். சாவி தபாலில் வந்து சேர்வதற்குள் தேதி போய்விடும், பூட்டைத்தான் உடைக்க வேண்டும், ஆனால் நீ சொல்லாமல் அதில் நான் கை வைக்க மாட்டேன். மைதீன் பிச்சை மாமா கடையில் இப்போது போன் வைத்திருக்கிறார்கள், நம்பரை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். மார்ச் நாலாம் தேதி வெள்ளிக்கிழமை மாலை நாலு மணியிலிருந்து நோன்பு திறக்கும் வரை அங்கே இருப்பேன், அன்றைக்கு முடியாவிட்டால் அடுத்த வெள்ளியும் இருப்பேன். திறக்கலாம் என்றால் சொல். வேண்டாம் என்பதானாலும் எழுதிப் போட்டுவிடாதே அய்யூப், நீயே பேசிச் சொல்.